வளைந்த சுவருக்கு ஒரு சோதனை

மாமியார்: கேக்குது, கேக்குது. பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு. உன் சுவர் பாஸ்.

மருமகள்: அத்தை... அது போன்.

மாமியார்: ஓ.

மருமகள்: போனை வெச்சுட்டுத்தான் சுவர்ல பேசணும்.

மாமியார்: காலம் பூரா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவகிட்ட போனை வெக்கச் சொல்ற. இதுக்கெல்லாம் உன் வீட்டுக்காரனை நிறுத்தியிருக்கலாம்ல?

மருமகள்: அவர் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்கப் போயிருக்காரு. நீங்க சுவரைப் பாத்து, ஒட்டி நில்லுங்க. என் பக்கம் திரும்பாதீங்க.

மாமியார்: திரும்பினா மட்டும் தெரியவா போற? நடுவுல பலகை பலகையா நிறுத்தி, ஊர்ல இருக்கற கட்டடத்தையெல்லாம் படமா மாட்டி வெச்சிருக்காங்க.

மருமகள்: வடிவமைப்பு வாரக் கண்காட்சின்னா படம் இருக்கத்தானே செய்யும். இந்த அரைவட்டச் சுவர்ல நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை. ரகசியம் பேசற மாதிரி மெதுவாப் பேசினா போதும். வட்டத் தட்டுல ஒரு கோலிக்குண்டைப் போட்டு உருட்டிவிட்டா விளிம்பை விடாம ஓடுமில்ல? சத்தமும் அப்படித்தான். வளைவை ஒட்டியே வந்து உங்க காதுல விழும்.

மாமியார்: வழியில எங்கயாவது நின்னுட்டா?

மருமகள்: வளைவு சரியா இருந்தா நிக்காது. சாயங்காலம் மேயர் வர்றாரு, அதுக்குள்ள தெரிஞ்சாகணும். வெக்கறேன்.

மாமியார்: ...

மருமகள்: அத்தை, நான்தான். திரும்பவும் போன்ல. இவ்வளவு நேரம் பேசினேனே?

மாமியார்: பேசினியா? நான் சுவர் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறேன். அது வாயே திறக்கலை.

மருமகள்: இருக்காது. நேத்து...

மாமியார்: நேத்து?

மருமகள்: நேத்து... கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

மாமியார்: குரல் ஏன் இப்படி இறங்குது?

மருமகள்: கமிட்டில பாதிப் பேரு, சும்மா செல்பி எடுக்க ஒரு அலங்கார வளைவு போதுமே, சுவர் எதுக்குன்னு கேட்டாங்க. நான்தான் பேசும் பாருங்கன்னு சண்டை போட்டேன். பேசலைன்னா இது வெறும் கோணல் சுவர் அத்தை.

மாமியார்: அட, கலங்காத. லைன் போகலைன்னா நாங்க என்ன பண்ணுவோம்? எங்க தடங்கல்னு ஒரு முனையிலேருந்து பாத்துட்டே வருவோம். உன் பக்கம் என்ன இருக்கு?

மருமகள்: சுவர். வழவழன்னு பூச்சு. வேற ஒண்ணும் இல்லை. உங்க பக்கம்?

மாமியார்: சுவர்... அப்புறம் அந்த நீலத் துணி.

மருமகள்: எந்த நீலத் துணி?

மாமியார்: மேலேருந்து மடிப்பு மடிப்பா தொங்குது. நல்ல கனம். அழகாத்தான் இருக்கு.

மருமகள்: போட்டோவுக்குன்னு கமிட்டி ஆளுங்க மாட்டியிருப்பாங்க... சுவருக்குப் போர்வை போத்திட்டாங்களே. காலி வீட்ல பேசினா கணீர்னு கேக்கும், மெத்தையும் திரையும் வந்ததும் அடங்கிப் போகும், பாத்திருக்கீங்கல்ல? துணி சத்தத்தைக் குடிச்சுரும் அத்தை.

மாமியார்: கழட்டட்டுமா?

மருமகள்: கமிட்டில ஒரு வார்த்தை கேட்டுட்டு...

மாமியார்: கழட்டியாச்சு.

மருமகள்: அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?

மாமியார்: மரியாதைக்கு. வை போனை.

மருமகள்: ...அத்தை.

மாமியார்: என்ன?

மருமகள்: உங்க போன் எங்க இருக்கு?

மாமியார்: பைக்குள்ள... அடியே. அடியே, காதுக்குள்ளயே வந்து உக்காந்துட்டியே.

மருமகள்: இருங்க, இது பத்தாது. நான் என்ன சொல்வேன்னு உங்களால ஊகிக்க முடியும். காது பாதி கேட்டா மனசு மீதியை நிரப்பிக்கும். ஊகிக்கவே முடியாத ஒண்ணைச் சொல்லணும், கேட்டவங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அதுதான் சோதனை.

மாமியார்: நீயே ஆரம்பி.

மருமகள்: நீங்க வாங்கிக் குடுத்த ஊதா விளக்கு தானா விழலை. நான்தான் தள்ளிவிட்டேன்.

மாமியார்: ஊதா விளக்கு தானா விழலை, நீதான் தள்ளிவிட்ட. பாவம், தானா விழுந்துடுச்சேன்னு அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கேன், உன் பிறந்தநாளுக்கு.

மருமகள்: ...தெளிவாக் கேட்டுது. இப்ப நீங்க.

மாமியார்: உன் வீட்டுக்காரன் குறட்டை விடுவான்.

மருமகள்: அது தெருவுக்கே தெரியும். வேற?

மாமியார்: ஊர் ரகசியமெல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. என்னோடதுன்னு தனியா என்ன இருக்கு?

மருமகள்: யோசிங்க. பயப்படாதீங்க, அந்தப் பலகைங்க நடுவுல நிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை கேக்காது.

மாமியார்: ஒண்ணும் தோணலையே.

மருமகள்: உங்ககிட்ட எத்தனை மூக்குக்கண்ணாடி இருக்கு அத்தை?

மாமியார்: இது என்ன கேள்வி?

மருமகள்: அலமாரியில ஆறு பாத்தேன். எல்லாம் ஒரே பவர்.

மாமியார்: பிரேம் பிடிக்கலை.

மருமகள்: ஆறுமா?

மாமியார்: கண்ணாடிக் கடைக்காரர் முகம் சுளிக்காம மாத்திக் குடுப்பாரு. உக்காருங்கன்னு சொல்லி டீ வரவழைப்பாரு...

மருமகள்: டீ.

மாமியார்: அதை எதுக்குத் திருப்பிச் சொல்ற?

மருமகள்: சோதனை, அத்தை.

மாமியார்: ...சரி. ஊகிக்க முடியாததுதானே வேணும்? அவரு என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேட்டாரு. எனக்கும் பண்ணிக்கணும்னுதான் இருக்கு.

மருமகள்: ...

மாமியார்: கேக்கலையா?

மருமகள்: கேட்டுது. திருப்பிச் சொல்லத்தான் வாய் வரலை. சிரிப்பு வருது... கூடவே வேற என்னமோவும் வருது.

மாமியார்: மூக்கை உறிஞ்சறதுகூடக் கேக்குது. நல்ல சுவர்.

மருமகள்: அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?

மாமியார்: லைன்ல இருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வேற என்ன சொல்ல? பையன்கிட்ட எப்படிப் பேச்செடுக்க? அவங்கப்பா விட்டுட்டுப் போன சட்டை, முழங்கைக்கிட்ட கிழிஞ்சே போச்சு, இன்னும் அதையே மாட்டிட்டுத் திரியறான். அவன் முகம் துளி வாடினாலும் போதும், இந்தப் பேச்சை அத்தோட விட்டுருவேன்.

மருமகள்: வாடலைன்னா?

மாமியார்: நாளைக்கே பண்ணிக்குவேன். ஆனா அவன் எதிர்ல நின்னு சொல்ல வரலையே. நாலு தடவை வாயெடுத்துட்டு, சாப்பிட்டியாடான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

மருமகள்: அத்தை... சத்தம் எப்படிப் போகும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

மாமியார்: தட்டு, கோலிக்குண்டு.

மருமகள்: விளிம்பை ஒட்டியே போகும். அப்ப பாதி வழியில, விளிம்புல ஒருத்தர் விரலை வெச்சிருந்தா?

மாமியார்: விரல்ல பட்டுட்டுத்தானே... இரு. நடுவுல நிக்கறவங்களுக்குக் கேக்காதுன்னியே?

மருமகள்: பலகைங்க நடுவுல நிக்கறவங்களுக்குக் கேக்காதுன்னேன். சுவரை ஒட்டி உக்காந்திருக்கறவங்களைப் பத்தி நான் பேச்சே எடுக்கலை.

மாமியார்: அப்ப இந்தச் சோதனை...

மருமகள்: அதை நேத்தே முடிச்சாச்சு, நானும் உங்க பையனும். அந்த நீலத் துணி மட்டும்தான் எங்க திட்டத்துல இல்லை.

மாமியார்: ரிப்பன் வாங்கப் போயிருக்கான்னு சொன்னியே... டேய்... கேக்குதாடா?

மகன்: குறட்டையிலேருந்து எல்லாமே கேட்டுதும்மா. முகம் வாடலை. பக்கத்துல உன் கண்ணாடிக் கடைக்காரரும் உக்காந்திருக்காரு, போன மாசமே என்கிட்ட வந்து கேட்டுட்டாரு, உன் வாயால வரட்டும்னுதான் காத்திருந்தோம். பேசுங்க சார்னா பேச மாட்டேங்கறாரு... கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே இருக்காரு.