இடப்பக்க இருக்கை

காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பை உதறி மடிப்பேன். பல் துலக்குவேன். ஒரு முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, அது வேகும் நேரத்தில் சட்டையைத் தேய்ப்பேன். நின்றுகொண்டே சாப்பிடுவேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாமியாருக்குப் போன் செய்வேன். “சாப்டீங்களா மாப்பிள்ளை?” என்பார்கள். “ஆச்சு அத்தை” என்பேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பேருந்துக்கு நடப்பேன். கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

விபத்துக்குப் பிறகு நாளெல்லாம் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டதால் சொன்னேன். விசாரணையை முடித்துக் கோப்பை மூட வந்த அதிகாரி அதைக் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டதற்கு நன்றி. மூடுவதற்கு முன் நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் நீளம். உட்காருங்கள்.

சிலர் ஊர் ஊராகப் போய்ப் பறவை பார்ப்பார்கள். நான் கார் பார்ப்பேன். அரிய ஸ்போர்ட்ஸ் கார்கள். காட்சிக்கூடத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருப்பது சேர்த்தி இல்லை. சாலையில், சக்கரத்தில் சேற்றோடு, ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போவதால் என் மனைவி அவற்றுக்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் காது பரிசோதனை செய்பவள். நான் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். இயந்திர அறைகளில் சத்தம் அதிகம் என்று எங்களை எல்லாம் ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். முடிந்ததும், “காது நல்லாத்தான் இருக்கு. கேக்கற எண்ணம் இருக்கான்னு இந்த மெஷின்ல தெரியாது” என்றாள். அவளைத் திரும்பப் பார்ப்பதற்காகவே காதில் இரைச்சல் என்று பொய் சொல்லி மறுபடி போனேன். அதையும் கண்டுபிடித்தாள்.

கார் பார்க்க வெளிநாடு போன அந்தப் பயணத்துக்கு எங்கள் காரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய கார். இங்கே நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழ்.

“அங்க ஒரு வண்டிய வாடகைக்கு எடுத்தா குடியா முழுகிடும்?” என்று கேட்டாள்.

“அடுத்தவன் வண்டில என்ன சுகம் இருக்கு?”

“சரி, உன் இஷ்டம். அப்ப நான்தான் உனக்குக் கண்ணு. சம்பளம் ஒழுங்கா வந்துடணும்.”

கண் என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்த ஊர்ச் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே வருவது இடப்பக்கம் இருக்கும் அவளுக்குத்தான் தெரியும். அதற்கும் காரைக் கொஞ்சம் இடப்பக்கம் வெளியே நீட்ட வேண்டும். நீட்டும்போது அவள் இருக்கும் பாதிதான் முதலில் எதிர்த் தடத்துக்குள் போகும். அது காரின் அமைப்பு. யாருடைய குற்றமும் இல்லை.

இரண்டே சொல் போதும் என்று அவள்தான் முடிவு செய்தாள். வழி இருந்தால் “போ.” இல்லாவிட்டால் “இரு.” வேறு எது சொன்னாலும் குழப்பம் வரும் என்றாள். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை.

நன்றாகத்தான் போனது. பெட்ரோல் போடும் இடத்தில் நான் கவனிப்பதற்கு முன்பே ஒரு காரைப் பார்த்துவிட்டு, “தவளை! தவளை! அங்க பாருடா மண்டு, பின்னாடி!” என்று என் காலரைப் பிடித்துத் திருப்பினாள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போகப் போக அவளுக்கு அலுத்துவிட்டது. விடுதி அறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, “நாளைக்குத் தவளைக்கெல்லாம் லீவு. எனக்குக் கடல்ல கால நனைக்கணும். இவ்ளோ தூரம் வந்ததுக்கு அது ஒண்ணுதான் கேக்கறேன்” என்றாள். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் முற்பகல் கடற்கரைக்குப் போகும் வழியில் அது எங்களைத் தாண்டிப் போனது. வெளிறிய பச்சை. பள்ளிக்கூட நாளிலிருந்து படத்தில் மட்டுமே பார்த்த கார். அதன் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. செய்ததே சில டஜன்தான், சாலையில் ஓடுபவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பின்னால் போனேன். கடற்கரைக்குத் திரும்பும் இடம் வந்தது, தாண்டியும் போய்விட்டது. அவள் அங்கிருந்த வழிகாட்டிப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் வைத்திருந்த துண்டைப் பின்னால் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்காகப் பார்த்துச் சொல்வதற்கு.

எங்களுக்கும் அந்தக் காருக்கும் நடுவில் ஒரு லாரி இருந்தது. பச்சைக் கார் அதை முந்திக்கொண்டு போய் மறைந்தது. நான் காரை வெளியே நீட்டினேன். எதிரே பால் டேங்கர் வந்தது. பார்த்ததும் வலப்பக்கம் ஒடித்தேன். கை தானாகச் செய்தது. டேங்கர் இடப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. என் மேல் கண்ணாடித் தூள் மட்டும் விழுந்தது.

பச்சைக் காரின் சொந்தக்காரர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். வயதானவர். உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். தன் மொழியில் அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அவளுக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. நான் கீழே இறங்கி அவருடைய காரிடம் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்விளக்குகளைக் குனிந்து பார்த்தேன், ஏனென்றால் போலிகளில் அவை வேறு மாதிரி இருக்கும். இது அசல். ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். பக்கத்தில் இருந்திருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காவல் நிலையத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவள் “போ” என்றாள், நான் போனேன், என்று சொன்னேன். அந்தப் பெண் அதை மொழிபெயர்க்காமல் சற்று நேரம் என் தோளில் கை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இனி அவளுக்கு எதுவும் வலிக்காது, எனக்குத்தான் வலிக்கும், அதனால் பழியை அவளிடம் விட்டு வைப்பதில் நஷ்டம் யாருக்கும் இல்லை என்று நினைத்தேன். அவளுக்கு ஓர் அம்மா இருப்பது அப்போது என் நினைவில் இல்லை.

நேற்றுக் காலை வழக்கம்போல் போன் செய்தேன். அத்தை சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அவ சின்னதுலேர்ந்தே அவசரக்குடுக்கை மாப்பிள்ளை. நாங்கதான் கண்டிச்சு வளக்கல. அவ அப்பா இப்பல்லாம் அவ போட்டோ இருக்கற ரூமுக்கே போறதில்ல. ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லி உங்க வாழ்க்கைய இப்படிப் பண்ணிட்டா. எங்க பொண்ண மன்னிச்சிடுங்க” என்று அழுதார்கள்.

“எப்பவோ மன்னிச்சாச்சு அத்தை. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல” என்றேன்.

இதுதான் திருத்தம். அவள் “போ” என்று சொல்லவில்லை. “இரு” என்றாள். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். “இரு” என்று மறுபடி சொன்னாள். நோயாளிகளிடம் பேசுவதுபோல நிதானமாக, தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த நேரத்தில் அவளை நினைக்கவே இல்லை. அந்தக் கார் போய்விடுமே என்று மட்டும் இருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அழுத்தினேன்.

இதை அவள் அம்மாவிடமும் அப்பாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால், மகள் பெயரைக் காப்பாற்ற மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று நினைப்பார்கள். நான் அவ்வளவு நல்லவன் என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறேன்.

கடைசியாக அவள் சொன்னது என்ன என்று அவர்கள் கேட்டால், “இரு” என்பது கடைசி இல்லை என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒன்று சொல்ல நேரம் இருந்தது. டேங்கர் அவள் ஜன்னலில் பெரிதாகிக்கொண்டு வந்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. நான் மறந்துபோன எதையோ ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

“டேய், நான் இந்தப் பக்கம் இருக்கேன்டா.”