டெல்ரோய்க்குப் போன மிச்சக்காசு

யாழ்ப்பாணத்துக்குப் போன பஸ்ஸில் ட்றைவர், கொண்டக்டர், கைக்குழந்தையோடு குருநகர் மீனவர் ஒருவர், அந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகப் போகிற அவருடைய சிநேகிதர், நான். இவ்வளவு பேர்தான். என்னுடைய மிச்சக்காசைக் கையில் வைத்தபடி கொண்டக்டர் அவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“மூண்டே மூண்டு கிரிக்கெட் மட்ச் விளையாடின பார்படோஸ்காரன்ரை பேரை ஆர் பிள்ளைக்கு வைப்பான்?” என்றார் தகப்பன்.

“கடைசி மட்சிலை உடைஞ்ச கையோடை பின்னேரம் வரைக்கும் நிண்டு ரீமைத் தோக்க விடேல்லை அண்ணை” என்றார் சிநேகிதர்.

“பிறகேன் விளையாட்டை விட்டவன்?”

“அந்தக் கை பந்து போட உதவேல்லை. தகப்பன்ரை வள்ளத்திலை வலை இழுக்கப் போயிட்டான்.”

தகப்பன் பிள்ளையைப் பார்த்தார். “அப்ப எங்கடை ஆள்தான். சரி, டெல்ரோய் எண்டே வை. ஃபாதரிட்டை நீதான் சொல்லோணும்.”

கொண்டக்டர் சிரித்துக்கொண்டு பிள்ளையின் கைக்குள் காசை வைத்தார். “டெல்ரோய்க்கு.”

அது என்னுடைய காசு. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து இறங்கிவிட்டேன். எனக்கு இன்னும் வரவேண்டியது அந்த ஐம்பது ரூபாய்.