பொருள் எண் முப்பத்தொன்று

வெறும் வயிற்றோடு சரித்திரம் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பது எங்கள் சங்கத்தின் அனுபவம். அதனால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் கூடினால் முதலில் பசியாறல், பிறகுதான் பூர்வீகம். எங்கள் தலைவர் ஜெகபர் சாதிக் பாய்க்கு ஜொகூர் பாரு சந்தைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை. மாடியில் நாங்கள் பத்தொன்பது பேர், கீழே அடுப்பு. ரொட்டியும் குழம்பும் படியேறி வரும். அவை தீர்ந்த பிறகு சரித்திரம் ஆரம்பமாகும். துபாஷி ஐயா, நீங்கள் இதை இங்கிலீஷில் துரைக்குச் சொல்லும்போது இந்த ரொட்டி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். நாங்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

என் பெயர் தங்கராஜு. துணிக்கடை வைத்திருக்கிறேன். தென் ஜொகூர் தமிழர் சரித்திரச் சங்கத்தை 1926-ல் ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒன்பது வருஷமும் நான்தான் செயலாளர். நீங்கள் கிணற்றைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் சங்கத்தைத் தெரியாதவருக்குக் கிணறு புரியாது.

எங்கள் வேலை மூன்று. பழைய ஆட்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி, கைநாட்டு வாங்குவது. பழைய பொருள்களைச் சேகரித்து அலமாரியில் வைப்பது. மாதத்தின் இரண்டாம் வெள்ளியில் லோரி பிடித்து எங்காவது பழைய இடம் பார்த்துவிட்டு, பாய் ஜும்மா தொழுகைக்குப் போகும் நேரத்துக்குள் திரும்புவது. இந்தச் சித்திரையில் கண்காட்சி நடத்தினோம். அடுத்தது ஆயர் ஈத்தாம் பயணம். அந்த ஊர்ச் சாலையைப் போட்ட கூலிகள் குடியிருந்த பழைய லயம் அங்கே இருக்கிறது. தை மாதம் எங்கள் சரித்திர நூல் வெளிவரும். இந்த வேலைகளெல்லாம் என்னால் நின்றுவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இப்போது உள்ள ஒரே கவலை.

நூல் என்று சொன்னதும் ஊரில் நடந்த பேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அளவுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே வாடிக்கையாளர் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவன். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட அப்பளத்துக்குப் பேரம் நடக்கும். அப்படிப்பட்ட எனக்கே மூச்சு முட்டியது. ஒருவர் வந்து தன் குடும்பத்துக்குப் பதினாறு பக்கம் கேட்பார். நான் இரண்டு என்பேன். அவர் எழுந்து போவார், வாசல்வரை போவார், திரும்பி வருவார். ஐந்தில் படியும். ஒரு மளிகைக்காரர் தன்னைப் பற்றிய பக்கத்தைத் திருத்த மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை அவர் கப்பலில் வந்ததே மாறி, கப்பலே அவருடையதாகிவிட்டது.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "அலமாக். உயிரோட இருக்கிறவன எழுதினா தெனம் வந்து திருத்தம் கேப்பான் லா. செத்தவன் கேக்க மாட்டான்."

அதிலிருந்து பிறந்ததுதான் நான்காம் விதி. வாசகம் என்னுடையது. உயிரோடிருப்பவர் சரித்திரம் நூலில் சேராது. ஒருவர் கொடுத்த சாட்சியத்தை அவர் உயிரோடிருக்கும்வரை அவரே திருத்தலாம். அவர் காலமான பிறகு யாரும் திருத்த முடியாது. நல்ல விதி. பேரம் அன்றோடு நின்றது.

முதல் அத்தியாயம், ஜொகூர் பாருவில் முதல் தமிழ்க் கடையைப் போட்டவர் யார் என்பது. அதற்கு ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம்: சதாசிவம் ஐயா. எழுபத்தெட்டு வயசு. மிளகும் கம்பீரும் பயிரிட்ட காலத்தில் ஸ்கூடாய்க் காட்டில் வேலைக்கு வந்தவர். முதல் கடை என் தகப்பனாருடையது என்று 1926-லேயே சொல்லிக் கைநாட்டும் வைத்தவர். அதை நம்பித்தான் என் கடைப் பலகையில், பில் புத்தகத்தில், துணி சுற்றிக் கொடுக்கும் காகிதத்தில் எல்லாம் "ஜொகூரின் முதல் தமிழ்க் கடை" என்று அச்சடித்திருக்கிறேன். தினமும் என் கடைக்கு வந்து கோப்பி குடிப்பார். புலிக் கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்தப் புலி ஒரு முழம் வளரும். துணி அளக்கிற எனக்கே பொறாமையாக இருக்கும்.

போன மாசி மாதம் ஒருநாள் அவர் கோப்பியைத் தொடவில்லை.

"தங்கராசு, அந்த மொதக் கடை வெவகாரத்தத் திருத்தணும்."

"என்ன திருத்தம், ஐயா?"

"மொதக் கடை உங்கப்பா போட்டதில்ல. காளியம்மா போட்டது. படகுத்துறையில அத்தாப்பு ஓலைக் கொட்டாய் கட்டி வெத்தல, பொயல, பொரி வித்தா. உங்கப்பா அதுல பாதிக்கு வாடகைக்கு வந்தவரு. அவ பிள்ளப் பெத்துப் படுத்திருந்த நாப்பது நாள்ல தன் பேருல பலகைய மாட்டிட்டாரு. நான்தான் ஏணியப் புடிச்சேன்."

"இத்தன வருசம் என் கோப்பியக் குடிச்சீங்களே, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"ஞாபகம் எப்பவும் இருந்துச்சு. வெக்கம் இப்பத்தான் வந்துச்சு."

பங்குனிக் கூட்டத்தில் எழுந்து சொல்லப் போவதாகச் சொன்னார். அன்று பிறந்த அந்தப் பிள்ளை புஷ்பவள்ளி. ஐம்பதைத் தாண்டியவள், படகுத்துறையில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். அவளையும் கூட்டி வருவாராம்.

நான் பேசிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் காளியம்மாவுக்கு ஒரு பக்கம் என்றேன். தலையை ஆட்டினார். இரண்டு என்றேன். மூன்று என்றேன். அவருடைய காலத்துக்குப் பிறகு அவருக்கே நாலு பக்கம், படத்தோடு என்றேன்.

"செத்தவனுக்குப் படம் எதுக்குய்யா? மொதப் பக்கத்துல அவ பேரு. வேற ஒண்ணும் வேணாம்."

கேட்ட விலையிலிருந்து ஓர் அங்குலம்கூட நகராத மனிதரை நான் என் வியாபாரத்தில் பார்த்ததே இல்லை. அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று கூடியது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் எட்டாம் தேதிப் பயணம் ஸ்கூடாய்க்கு. சதாசிவம் ஐயா இளவயதில் தோண்டிய கிணற்றைப் பார்த்துவிட்டு, அதன் அருகே அவரைப் படம் எடுப்பதாக ஏற்பாடு. பயணத்துக்கு முன்னால் போய் இடத்தைச் சுத்தம் செய்வது செயலாளர் வேலை. வியாழக்கிழமை பகலில் என் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். புல்லை வெட்டினேன். சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணற்றைக் கெட்டிப் பலகைகள் ஐந்து மூடியிருந்தன. நடுவிலிருந்த இரண்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கரையான் அரித்த பலகைகளைப் போட்டேன். மேலே கோரைப்பாய் விரித்தேன். பெரியவர் காலில் சிராய் குத்தக் கூடாது. மரத்தில் ஒரு பழைய நார்க்கயிறு சுற்றிக் கிடந்தது. படத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்று அதையும் பலகைகளோடு காரில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் லோரியில் ஒரே சிரிப்பு. புலி அன்றைக்குப் பதினான்கு முழம். பாய் கட்டிக் கொண்டுவந்த ரொட்டியை ஸ்கூடாய் போய்ச் சேரும் முன்பே தீர்த்துவிட்டோம். போட்டோக்கார மூர்த்தி கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சதாசிவம் ஐயா வேட்டியைத் தட்டி விட்டுக்கொண்டு கிணற்றுக்கு முன்னால் நின்றார்.

"நல்லா எடுங்கப்பா. மொதப் பக்கத்துக்கு ஆகாட்டியும் கடைசிப் பக்கத்துக்கு ஆவும்."

"ரெண்டு அடி பின்னால வாங்க, ஐயா" என்றேன். மூர்த்தி சொல்லவில்லை, நான் சொன்னேன். பாவம், மூர்த்தியைத் திரும்பத் திரும்ப விசாரிக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள்.

அவர் ஓர் அடி வந்தார். பிறகு இன்னோர் அடி வந்தார்.

உள்ளே தண்ணீர் இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் பேசினார். "தங்கராசு, கயிறு" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். "கயிறு இல்லீங்களே, ஐயா" என்றேன். அது பொய்யில்லை, கயிறு அங்கே இல்லை. இரண்டு பேர் கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, ஓடிக் கயிறு வாங்கி வரப் புறப்பட்டார்கள். தூரத்துக் கம்பம் இருந்த திசையைக் காட்டிவிட்டேன். பதற்றத்தில் திசை தவறுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எனக்குப் பதற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாய் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கப் பார்த்தார். இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். ஒரே நாளில் தலைவரையும் இழக்கச் சங்கத்துக்குத் தெம்பு கிடையாது. ஒன்பது நாற்பதிலிருந்து பத்து மணிவரை என்று குறிப்பேட்டில் நேரம் எழுதினேன். அங்கே நேரம் பார்க்கத் தோன்றியது எனக்கு மட்டும்தான்.

ஆக, சதாசிவம் ஐயாவைக் கொன்றது நான்தான். தகப்பனார் பெயருக்காகச் செய்தான் என்று துரை நினைப்பார். அப்படி இல்லை. ஒன்பது வருஷமாக நிலைத்து நின்ற ஒரு சாட்சியத்தைக் கடைசி நிமிஷத்தில் கலைத்தால், நூலில் மற்ற அத்தியாயங்களை யார் நம்புவார்கள்? சரித்திரத்தைக் காப்பாற்ற ஒருவர் வேண்டியிருந்தது. நான் கிட்டத்தில் இருந்தேன்.

இரங்கல் தீர்மானம் மிக நன்றாக அமைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அதை நான் பயணத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். நல்ல தமிழுக்கு அவகாசம் வேண்டும். பங்குனிக் கூட்டத்தில் முதல் அத்தியாயம் ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு சித்திரைக் கண்காட்சி. பாயின் மாடியில் மேசைகளைப் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை வைத்தோம். பொருளின் பெயர், சேகரித்தவர், சேகரித்த தேதி. ஊரே வந்தது. புஷ்பவள்ளியும் வந்தாள். அவள் தாய் நிறுத்துக் கொடுத்த பித்தளைத் தராசுத் தட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். நான் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய தட்டு. பாய் விஷயம் தெரியாமல், "வெச்சிட்டுப் போம்மா, பழைய பொருள்தானே" என்றுவிட்டார். அதை வைக்க இடம் தேடியவள் முப்பத்தொன்றாம் பொருளுக்கு முன்னால் நின்றாள். மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றவள். அட்டையை வாய்விட்டுப் படித்தாள்.

"ஸ்கூடாய்ப் பழங்கிணற்றின் கயிறும் பலகை இரண்டும். சேகரித்தவர், செயலாளர் தங்கராஜு. சேகரித்த தேதி, மார்ச் ஏழு, வியாழக்கிழமை."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தவுக்கே மொதலாளி, பெரியவரு விழுந்தது வெள்ளிக்கெழம. கயிறு வியாழக்கெழமயே இங்க வந்திருச்சா?"

அந்தக் கயிற்றை ஏன் ஆற்றில் எறியவில்லை என்று நேற்று துரை கேட்டார். தேங்காய் நாரைக் கையால் முறுக்கிய கயிறு. பலகைகளில் கோடரி இறங்கிய தழும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. இதையெல்லாம் ஆற்றில் எறிகிறவனுக்குச் சரித்திரச் சங்கத்தில் என்ன வேலை?

பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்.

"தங்கராஜு, தேதியத் தப்பா எழுதிட்டியா லா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் மாடி முழுக்க ஜனம்.

"ஒன்பது வருசத்துல நான் ஒரு தேதியக்கூடத் தப்பா எழுதினதில்ல, பாய்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மாடியில் இருந்தவர்களைக் கீழே போகச் சொன்னார். புஷ்பவள்ளியை மட்டும் உட்காரச் சொன்னார். நான் அவர்கள் இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், சதாசிவம் ஐயா கோப்பியைத் தொடாத நாளிலிருந்து. புஷ்பவள்ளி அழவில்லை. தராசுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பாய் இந்த லாக்கப்புக்கு வந்தார், ரொட்டியோடு. நான் ஆயர் ஈத்தாம் பயணத்துக்கு லோரி பிடித்தாயிற்றா என்று கேட்டேன். பிடித்தாயிற்றாம். நூலும் தை மாதம் வந்துவிடுமாம். முதல் அத்தியாயம் மட்டும் மாறியிருக்கிறது.

"காளியம்மா. எட்டுப் பக்கம். தராசுத் தட்டு படத்தோட."

"நாலாம் விதிப்படி பெரியவர் சாட்சியத்தத் திருத்த முடியாதே, பாய்."

"திருத்தல. அவர் உன்கிட்ட சொன்னத நீ எங்க கிட்ட சொன்னே. அது உன் சாட்சியம். குறிப்புல ஏத்தியாச்சு. நீ போய்ட்டா அதையும் யாரும் திருத்த முடியாது."

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நல்ல வெட்டு. விதியை ஓட்டையில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படியானால் அதே விதிப்படி, என்னைத் தூக்கில் போட்ட பிறகு எனக்கும் தடையில்லை. ஒன்பது வருஷச் செயலாளர். எட்டுப் பக்கம் கேட்டேன்.

பாய் ரொட்டி கொண்டுவந்த பாத்திரத்தை மூடினார். "ஒரு வரி. பொருள் எண் முப்பத்தொன்று, சேகரித்தவர் தங்கராஜு. அவ்வளவுதான்." எழுந்து போனார். கதவுவரை போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் வியாபாரக் குடும்பத்தில் வளரவில்லை, துபாஷி ஐயா, அதனால் முகம் வாடுகிறீர்கள். நான் எட்டு என்றேன், அவர் ஒரு வரி என்கிறார். பேரம் என்றால் அப்படித்தான் தொடங்கும். துரையிடம் சொல்லி என் விஷயத்தை மட்டும் தை மாதத்துக்குள் முடித்துக் கொடுங்கள், அச்சுக்குப் போக வேண்டும். பாய் நாளைக்கு வருவார். ஐந்தில் படியும்.