பீரோவில் இருந்த ஆதார் அட்டை

என் பெயர் மயிலாத்தாள், வயது 59, கணவர் காலஞ்சென்ற ஆறுமுகசாமி. திருப்பூர் நல்லூரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். பின்னால் உள்ள ஆறு லைன் வீடுகளை பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

மூன்றாவது வீட்டில் ஒன்றரை வருடமாக மேற்கு வங்காளம் முர்ஷிதாபாத்தைச் சேர்ந்த சஃபிகுல் என்ற டெய்லர் இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிடுவார்கள் என்று வடக்கத்தி ஆட்களின் ஆதார் அட்டையை அசலாக வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். அவருடையதையும் வாங்கி பீரோவில் வைத்தேன். சீட்டு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

சென்ற மாதம் 9ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, பங்களாதேஷ்காரர்கள் தங்கியிருக்கிறார்களா என்று போலீசார் சோதனைக்கு வந்தனர். சஃபிகுல் போனில் இருந்த அட்டைப் படத்தைக் காட்டினார். அது செல்லாது, அசல் வேண்டும் என்றனர். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து, "அம்மா, கார்டு உங்ககிட்ட" என்றார். குடியிருப்பவர் விவரத்தை நிலையத்தில் கொடுக்காத வீட்டுக்காரர்கள் மேல் வழக்கு வரும் என்று முந்தின வாரம்தான் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள். நான் கொடுத்திருக்கவில்லை. பயந்துபோய், "எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரை வேனில் ஏற்றினர். பல் துலக்கிய பிரஷ் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. அதன் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் நாலைந்து தடவை பீரோவைத் திறந்து, அட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுவேன். மூன்று முறை இந்த நிலையத்து வாசல் வரை வந்து திரும்பிப் போனேன்.

நேற்று அவர் மனைவி ஊரிலிருந்து ரயிலில் வந்தார். கணவரை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டதாகவும், அங்கிருந்து யாருடைய போனிலோ பேசியதாகவும் அந்தப் பெண் சொன்னதை, நாலாவது வீட்டில் இருக்கும் அவர்கள் ஊர்க்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். என்னைப் பற்றி சஃபிகுல் என்ன பேசினார் என்று கேட்டேன். "அம்மாவுக்கு வயசாச்சு, மறந்துட்டாங்க, ஞாபகம் வந்தா கொடுத்துடுவாங்கன்னு சொன்னாராம்" என்றார்.

நான் மறக்கவில்லை.

அந்த அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். என் மேல் வழக்குப் போட்டாலும் சரி, அவரைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம். அட்டையைப் பெற்றுக்கொண்டதற்கு எனக்குச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அட்டையைக் கொடுக்க மாட்டேன்.

(ஒப்பம்) மயிலாத்தாள்