மூன்றும் இரண்டும்

என் பெயரும் தந்தை பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது ஐம்பத்து மூன்று. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். நெடுஞ்சாலைச் சந்திப்பில் உள்ள லாரி எடைமேடையில் எழுத்தராக இருக்கிறேன். ரயில் பாதையை ஒட்டிய மூன்றடுக்குக் குடியிருப்பின் மேல் தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்துவந்தாள். என் மீது புகார் கொடுத்திருப்பவர் அவளுடைய தம்பி. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மனைவியைக் கொல்லும் எண்ணத்தோடு நான் மருந்து கொடுத்ததாக அவர் எழுதிக் கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மருந்து கொடுத்தது உண்மை. எண்ணம் பொய்.

நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டு, சோதனைக்குழாயைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒருவரை, நிர்வாகியின் உறவுக்காரர் என்பதற்காகத் துறைத்தலைவராக வைத்துக்கொண்டார்கள். இது வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் ஆய்வாளர் சொல்வதால் இத்தோடு விடுகிறேன். அதன் பின் எடைமேடையில் சேர்ந்தேன். சரக்கு லாரியைச் சுமையோடு ஒரு முறையும் இறக்கிவிட்டு வந்த பின் ஒரு முறையும் நிறுத்து, கழித்து, சீட்டு எழுதித் தர வேண்டும். ஓட்டுநர்கள் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். மரியாதையாகத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்து தைராய்டு சுரப்பியை எடுத்தார்கள். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அரிசி அளவுச் சுரப்பிகள் நான்கும் சேர்ந்து போய்விட்டன. ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருப்பவை அவைதான். அவை இல்லாதவர்கள் வைட்டமின் டி-யின் ஒரு வகையை, உடல் செய்துகொள்ள வேண்டிய கடைசி வேலையையும் தொழிற்சாலையிலேயே செய்து முடித்த வகையை, ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். மிளகை விடச் சற்றுப் பெரிய, எண்ணெய் நிரம்பிய சிவப்பு மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதி அடிக்கோடிட்டுத் தந்தார். ஒரு மாத மாத்திரைக்கு என் சம்பளத்தில் கால் பங்கு போனது.

அதன் பின் எங்கள் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். வைட்டமின்கள் சத்துப்பொருள் பட்டியலில் வருவதால் பணம் தர விதியில்லை என்று திருப்பிவிட்டார்கள். இது சத்துக்காகச் சாப்பிடுவது அல்ல, சுரப்பிக்கு மாற்று என்று விளக்கி மூன்று கடிதங்கள் எழுதினேன். நேரிலும் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நாற்காலியை விட்டு எழாமலே, "சார், வைட்டமினுக்கெல்லாம் பணம் குடுத்தா, நாளைக்கு முட்டைக்கும் கீரைக்கும் பில்லு கொண்டாந்து நிப்பீங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதலில் விட்டது ரத்தப் பரிசோதனையை. ஆள் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று அந்தச் செலவைத் தள்ளிப்போட்டேன். பிறகு அது தள்ளிப்போட்டதாகவே இருந்துவிட்டது.

அதன் பின், சுமார் ஒன்றரை ஆண்டுக்கு முன், சம்பளம் தாமதமான ஒரு மாதத்தில் மேற்படி மைத்துனரின் கடைக்குப் போய் மூன்று அட்டை மாத்திரையைக் கடனாகக் கேட்டேன். அவர் எடுத்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டே, "ஊருக்கெல்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தீங்களே மாமா, ஒரு மாத்திரை செஞ்சுக்கத் தெரியலையா?" என்றார். விளையாட்டாகச் சொன்னதாக இப்போது சொல்கிறார். கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். நான் பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தம்பி கடைப் பொருள் ஒண்ணுகூட இந்த வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா நான் தாண்டிடுவேன்" என்று சொன்னேன். அவள் தையல் எந்திரத்தில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதன் பின் நாளைக்கு இரண்டு என்பதை ஒன்றாக்கினேன். மாத்திரை அட்டைகள் என் புத்தக அலமாரியில் இருக்கும். வேலைக்குக் கிளம்பும் முன் நானே ஒன்றைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். முதல் இரண்டு மாதம் அவளுக்கு விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகின, உதடு மரத்தது. கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து வெட்டுவதைப் பார்த்தேன். சீட்டுப்படி போதாமைக்கு உரிய அறிகுறிகள்தான். பிறகு அவை தானாகவே நின்றுவிட்டன. உடல் குறைந்த அளவுக்குப் பழகிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். மருத்துவர்களின் கணக்கில் பாதி மருந்துக் கம்பெனிக்கு என்று எடைமேடையில் சிலரிடம் பெருமையாகச் சொன்னேன். ஓர் ஓட்டுநர், "நீங்க டாக்டருக்கே டாக்டர், வாத்தியாரே" என்றார்.

பழகிக்கொள்ளவில்லை. மேற்படி மைத்துனரின் மனைவி, துணி தைக்கக் கொடுப்பதுபோல நான் இல்லாத நேரத்தில் வந்து, துணிக்குள் அட்டையைச் சுற்றிக் கொடுத்துவந்திருக்கிறார். என் மனைவி அதை நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் வைத்து மாலையில் ஒன்று போட்டிருக்கிறாள். நான் கொடுத்தது ஒன்று, அவர்கள் கொடுத்தது ஒன்று. மருத்துவர் சொன்ன இரண்டு. ஓராண்டுக்கு மேல் அவள் நன்றாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது.

நான்கு மாதங்களுக்கு முன், மருந்துச் சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநர் ஒருவர், தான் போய் இறக்கும் ஊரில் மொத்த வியாபாரியிடம் இதே மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பதாகச் சொன்னார். வரவழைத்தேன். மஞ்சள் நிறம். அட்டையில் அதே மருந்து, அதே அளவு. அன்று முதல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கொடுத்தேன். முதல் நாள் மாலை இரண்டாவதை வைத்தபோது அவள் கையையும் என்னையும் பார்த்துவிட்டு, "என்னங்க, சம்பளம் ஏறிடுச்சா?" என்றாள். விலை குறைந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் தன் தம்பியிடம் மஞ்சள் மாத்திரையைக் காட்டியிருக்கிறாள். அவர், "இந்த விலைக்குக் குடுத்தா உள்ள வெறும் எண்ணெய்தான் இருக்கும் அக்கா. அவர் குடுக்கிறதையும் போட்டுக்க, சண்டை எதுக்கு. ஆனா நம்ம கடைதை இனிமே ஒண்ணுக்கு ரெண்டா, விடாம போட்டுக்க" என்று சொல்லியிருக்கிறார். இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று முதல் நாளைக்கு நான்கு.

அதன் பின், இரண்டு மாதங்களாக அவளுக்குத் தாகம் அதிகமாயிற்று. தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் குடம் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது, வயிறு இறுகிக்கொண்டது, சொன்னதையே திரும்பச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தைத்த சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துவிட்டாள். அவர் கொண்டுவந்து காட்டியபோது சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிரித்துத் தைக்கவில்லை.

நான் மருந்தோடு வந்த விவரத்தாளை எடுத்துப் படித்தேன். ஒரு பக்கம் அளவு போதாவிட்டால் வருவன, மறு பக்கம் அளவு மீறினால் வருவன. சோர்வு இரண்டு பக்கமும் இருந்தது. தாகமும் குமட்டலும் மீறியவற்றின் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டு பக்கத்தையும் படித்தேன் என்பதை மறைக்கவில்லை. அந்தப் பக்கம் வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எதுவும் கூடிப்போய்க் கெட்டதில்லை. ஓராண்டு பாதியளவு கொடுத்தது இப்போது காட்டுகிறது என்று முடிவுசெய்து, ஐந்து வாரங்களுக்கு முன் மதியத்துக்கும் ஒன்று சேர்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவேன். அந்த நேரத்தில் அவள் பெரும்பாலும் படுத்திருப்பாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாள். வைத்ததை விழுங்குவாள். எத்தனையாவது என்று அவள் எண்ணியதில்லை.

பத்தொன்பது நாட்களுக்கு முன் மதியம் நான் வந்தபோது கையை நீட்டவில்லை. கூப்பிட்டும் எழவில்லை. கீழ்வீட்டார் உதவியோடு மாடிப்படி வழியே இறக்கி வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தேன். ரத்தத்தில் கால்சியம் இருக்க வேண்டியதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு இருப்பதாகவும், சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டிருப்பதாகவும் சொன்னார்கள். அதற்குள் மேற்படி மைத்துனரும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அவர், "என்ன எழவைக் குடுத்தீங்க மாமா எங்க அக்காவுக்கு?" என்று கேட்டார். மருத்துவர் அம்மா அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு எத்தனை மாத்திரை என்று என்னைக் கேட்டார். மூன்று என்றேன். எழுதிக்கொண்டார். அப்போது மைத்துனரின் மனைவி சுவரைப் பார்த்தபடி, "நாங்க குடுத்தது ரெண்டு" என்றார். மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?" என்றார். மைத்துனர் அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்து, மஞ்சள் மாத்திரை போலி என்றும் விஷம் என்றும் புகார் கொடுத்தார்.

அதன் பின் காவலர்கள் என் அலமாரியிலிருந்து மஞ்சள் மாத்திரைகள் நாற்பத்திரண்டும் நூல்கண்டுப் பெட்டியிலிருந்து சிவப்பு பதினேழும் கைப்பற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் குறிப்பிட்ட மருந்து குறிப்பிட்ட அளவில் சரியாக இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. போலி எதுவும் இல்லை. அவர் விற்றதும் நல்ல மருந்து. நான் வாங்கியதும் நல்ல மருந்து.

சிறுநீரகம் திரும்ப வராது, இனி வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். இதற்கு விதியில் இடம் இருக்கிறது, முழுப் பணமும் தருவார்களாம். அதே குமாஸ்தா எழுந்து நின்று நாற்காலி போட்டார். கால்சியம் இறங்கிய பின் அதே வைட்டமினை மறுபடி கொடுத்தாக வேண்டும். அதற்கு இப்போதும் இடமில்லை. ஆகவே கைப்பற்றிய மாத்திரைகளை வழக்கு முடிந்ததும் காலாவதித் தேதிக்கு முன் திருப்பித் தர வேண்டுகிறேன்.

நேற்றைக்கு முன்தினம் அவளுக்கு நினைவு தெளிந்ததால் ஆய்வாளர் அவளிடம் விசாரித்தார். நான் திரைக்கு வெளியே நின்றேன். வேண்டுமென்றே உன் கணவர் அதிகமாகக் கொடுத்திருப்பாரா என்று கேட்டார். அவள், "இல்ல சார். அவர் குறைச்சுக் குடுப்பார். கூடக் குடுக்கிற ஆள் இல்ல. இருபத்தேழு வருஷமாப் பாக்கறேன்" என்றாள்.

என் பக்கம் சொல்லப்பட்ட சாட்சியம் இது ஒன்றுதான். இதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். மதியம் கொடுத்த மூன்றாவது மாத்திரையைப் பற்றி அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டேன். அப்படி உறுதி தர முடியாது என்று ஆய்வாளர் சொன்னார்.

இதில் உள்ளதெல்லாம் என் வாயால், யாரும் மிரட்டாமல், நான் சொன்னது. எனக்குத் தெரிந்தவரை உண்மை. காவலர் எழுதியதை நானே படித்து, இரண்டு இடங்களில் பிழை திருத்தி, திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.

(கையெழுத்து)