தங்க விளிம்பு பீங்கான் செட்

எனக்கு டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தாலே போதும், ஜீவா மேடம். பீங்கான் மேல் எனக்கு ஆசையே கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கல்லூரியிலிருந்து வந்து எங்கள் ஆம்பூர்த் தெருவில் கொல்லை கொல்லையாகக் குழி தோண்டினீர்கள். உடைந்த சட்டி, தட்டைப் பார்த்தே அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன சம்பாதித்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்றீர்கள். எதிர்வீட்டு சமீருல்லா கொல்லையில் நீலப்பூ போட்ட சீனப் பீங்கான் கிடைத்தது. கப்பல் வியாபாரக் குடும்பம் என்றீர்கள். என் கொல்லையில் கிடைத்தது கரிபிடித்த மண்சட்டி. "கூலி வேலை பார்த்தவங்களா இருக்கும் சார், நான் எழுதுற புத்தகத்துல அப்படித்தான் வரும்" என்றீர்கள். சமீருல்லா விடுவானா? "இன்னா உமர் பாய், நவாப் வம்சம்னு சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று மசூதி வாசலில் நாலு பேர் எதிரில் கேட்டான். மானமே போய்விட்டது.

ஆகவே சரித்திரத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தேன்.

என் மனைவி முனவ்வர் பேகம் கல்யாணத்தின்போது கொண்டுவந்த தங்க விளிம்பு பீங்கான் செட், இருபத்து நாலு உருப்படி, முப்பது வருஷமாக ஷோகேஸில் இருந்தது. பெருநாளுக்குக்கூட அதில் யாரும் சாப்பிட்டதில்லை. அவள் வேலூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம், ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி, சுத்தியலால் பக்குவமாகத் தட்டினேன். கோபமெல்லாம் இல்லை. புது ஷூவைப் பழசு மாதிரி காட்டுவதுதான் கம்பெனியில் என் வேலை. அந்த அனுபவத்தில், துண்டுகளை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, என் கொல்லையில் அடுத்துத் தோண்ட நீங்கள் கயிறு கட்டிய இடத்தில் புதைத்தேன். பழியைப் பூனை மேல் போட்டேன். பூனையை அமிர்திக் காட்டில் விட்டுவந்தேன். நல்ல காற்றோட்டமான இடம்.

இன்று ரிப்போர்ட்டோடு வந்திருக்கிறீர்கள். "பீங்கான்ல தோல் பதனிடுற பட்டைக் கறை இருக்கு சார். சாப்பிட்ட தட்டு இல்ல. அந்தக் காலத்துல தோலை மிருதுவாக்க நாய்க்கழிவு கரைப்பாங்க, அந்தப் பாத்திரம்." புத்தகத்தில் அப்படியே வருமாம். சமீருல்லா படிப்பான். தெருவுக்கே கேட்கப் படிப்பான். அதனால்தான் ஒப்புக்கொள்கிறேன்: உடைத்தது நான், கறையேற்றியது நான், புதைத்ததும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"இன்னாங்க, யார் வந்திருக்காங்க? இன்னாத்த உடைச்சீங்க?"

முனவ்வர்தான், சமையலறையிலிருந்து வருகிறாள்.

மேடம், நான் சொன்னதை எழுதிய அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். நாய்க்கழிவு என்றே இருக்கட்டும். ஏழு தலைமுறையாக நாங்கள் அதைத்தான் கரைத்தோம்.