பூண் மறைக்காத பெயர்

கத்திப் பிடி பொருத்தும் பிரிவின் பெருமைக்குரிய மூத்தவரே! கறாருக்கு மறுபெயராய், கைநேர்த்திக்கு முதற்பெயராய், முப்பத்தோர் ஆண்டுகள் எங்களோடு நின்ற அக்கா! வணக்கம்.

பணிநிறைவு மடல் என்றால் உங்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் நேராகச் சொன்னால், "அது அப்படி இல்ல" என்று நடுவில் எழுந்து திருத்துவீர்கள். ஆகவே கொஞ்ச நேரம் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொல்கிறோம். பொறுத்துக் கேளுங்கள்.

அக்காவின் மேசை ஜன்னலை ஒட்டியது. கத்தியின் அலகுகள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். சாணை பிடிப்பதும் பிடி போடுவதும் இங்கே. ஒவ்வோர் அலகின் அடியிலும் அதைச் செய்த நாட்டின் பெயர் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, முதலாளி ஒரு கூடை நிறையப் புதுப் பூண் கொண்டுவந்தார். அலகும் பிடியும் சேருமிடத்தில் மாட்டும் பித்தளை வளையம்தான் பூண். புதியது பழையதைவிட அரை விரல் நீளம். கூடவே வந்த புதுப் பெட்டிகளில் "இங்கே செய்தது" என்று அச்சாகியிருந்தது.

அக்கா ஒரு பூணை மாட்டிப் பார்த்தார். கழற்றிக் கீழே வைத்தார்.

"இது பேரை மூடுது தம்பி."

"மூடத்தானேக்கா செஞ்சது! கத்தி வெட்டுனா போதாதா? நீ எந்த நாட்டுக் கத்தின்னு வெங்காயம் கேக்குமா?"

"வெங்காயம் கேக்காது. வாங்குறவங்க கேப்பாங்க."

"கேட்டா வாங்க மாட்டாங்க. அப்புறம் நாம அறுபது பேரும் எங்கயாவது வெங்காயம் உரிக்கத்தான் போகணும். உங்களால முடியலன்னா, இந்த மேசைக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

அக்கா வாதாடவில்லை. அன்று இருநூற்று நாற்பது கத்திகளுக்குப் பூண் போட்டார். ஒவ்வொரு பிடியிலும் மரத்தை அரை விரல் சீவி, பூணைக் கீழே இறக்கி மாட்டினார். பெயர் முழுசாக வெளியே நின்றது. பெட்டி கட்டியவர்கள் கவனிக்கவில்லை. மாலையில் அவரே போய், "எல்லாம் போட்டாச்சு, பேரும் தெரியுது" என்றார். வண்டி அதற்குள் கடைகளுக்குக் கிளம்பியிருந்தது.

அக்காவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க முதலாளிக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் தேநீர் நேரத்தில் அக்காவின் பக்கத்துப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அங்கே உட்காராமல் போனவர்கள் நாங்கள்தான். "இவங்க நேர்மைக்கு நம்ம வேலைதான் கெடச்சுதா?" என்று சாணைக்காரர் அவர் காதுபடவே சொன்னார். இதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அந்தச் சாணைக்காரரே.

அந்த வாரக் கடைசியில், கத்திகளைத் திரும்ப எடுத்துவர முதலாளி ஒரு கடைக்குப் போனார். அங்கே ஒரு அம்மா, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கத்தியுமாக நின்றார்.

"பெட்டி ஒண்ணு சொல்லுது, கத்தி ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்புறது?"

முதலாளி நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். "எதை நம்புறதுன்னு கடையில ஒரு அம்மா கேக்குறாங்கக்கா. இப்ப கத்தியை மாத்துறதா, பெட்டியை மாத்துறதா?"

"பொய் எதுல இருக்கோ, அதை மாத்துங்க."

பெட்டி மாறியது. அலகு எந்த நாடு, பிடி எந்த இடம் என்று இரண்டையும் அச்சிட்டார்கள். எழுத்து மட்டும் கடுகளவு. "கடுகு சிறுத்தாலும் காரம் இருக்கும்ல," என்று சொன்ன அக்கா அதற்குமேல் கறார் காட்டவில்லை. அந்த ஆண்டு விற்பனை குறைந்தது உண்மை. யாருடைய வேலையும் போகவில்லை என்பதும் உண்மை.

அக்கா! இனி உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். அந்த ஒரு வாரத்துக்காக எங்களை மன்னியுங்கள். கண் மங்காமல், கை நடுங்காமல், யாருக்கும் அஞ்சாமல் நெடுநாள் நலமாக வாழுங்கள்!

பின்குறிப்பு: இம்மடலின் மரச்சட்டம் இங்கே இழைத்தது. கண்ணாடி எந்த நாட்டது என்று விற்ற கடைக்காரருக்கே தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொற்கள் யாவும் இங்கே செய்தவை. சட்டம் இந்த வரிகளை மூடப் பார்த்தது. அரை விரல் இறக்கி மாட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள்,
ஐம்பத்தொன்பது பேர்.